கதவு, அயன் மேசை, சொளகு

"மாத்தளையில் கடல் இல்லையே" என்றார் விமான நிலையத்துச் சுங்க அதிகாரி. சிங்களத்தில்தான் சொன்னார். நான் திருச்சிக்குப் போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் அந்த அளவுக்குச் சிங்களம் இன்னும் கைவசம் இருக்கிறது. அவருடைய கை என் மூட்டையின் மேல் இருந்தது. பழைய போர்வையில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய நாலரை அடிப் பலகை அது.

"கடல் இல்லை, குளம் இருக்கிறது" என்றேன்.

"குளத்தில் அலை ஏது?"

"படகு கிளப்பும். அந்த அலையில் இந்தப் பலகையை வைத்து, மேலே நின்றுகொண்டே போவார்கள்."

"நின்றுகொண்டு போகப்போவது நீங்களா?"

"தம்பி மகள்."

அவர் என் நரையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். "நல்லது" என்று சொல்லி விட்டுவிட்டார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை பலகையில் ஏறும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. அந்த இடத்தில்தான் அது முளைத்தது.

தம்பி மருதை பல்லேபொலவில் இருக்கிறான். அவன் மகள் நிரோஷா மாத்தளையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடுமுறை நாட்களில் அங்கே நாலந்தா என்ற ஊருக்கு அப்பால் உள்ள ஒரு நீர்த்தேக்கத்தில் இந்தப் பலகை விளையாட்டு விளையாடுகிறாள். இதற்கு வேக்சர்ஃப் என்று பெயர். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் பலகை செய்யும் ஒருவரிடம் அவள் சொல்லி வைத்திருந்தாள். அதை வாங்கிக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. ஊரில் எல்லோரிடமும் பயணத்துக்கு அதைத்தான் காரணமாகச் சொன்னேன். இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

மாத்தளையிலிருந்து பல்லேபொலவுக்குப் போகும் பஸ்ஸில் பலகை மேல் தட்டில் ஏறவில்லை. நடத்துநர் அதை நடைபாதையில் நீளவாக்கில் கிடத்தினார். பக்கத்து இருக்கை அம்மாள் தன் பலாப்பழத்தை அதன்மேல் வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் கோழிக்கூடையை வைத்தார். திருச்சி பஸ்ஸாக இருந்தால் இதற்குள் இரண்டு சண்டை நடந்து முடிந்திருக்கும். இங்கே பாட்டு அலறுகிற சத்தத்தில் சண்டை போட்டாலும் கேட்காது. நான் ஜன்னல் வழியே மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே வந்து, இறங்கவேண்டிய இடத்தில் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் பலகை நினைவுக்கு வந்தது.

நிறுத்தத்தில் நின்ற த்ரீவீலில் பாய்ந்து ஏறினேன். "அந்த பஸ்ஸைப் பிடி" என்று சொல்ல என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. ஓட்டுநரும் அப்படி ஒருவருக்காகவே காத்திருந்தவர் போல ஓட்டினார். இரண்டு மைல் தாண்டிப் பிடித்தோம். பலாப்பழத்து அம்மாள் பலகையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிப் பிடித்திருந்தார்.

"ஐயா, துணி தேய்க்கிற அயன் மேசையை விட்டுட்டுப் போனா ஊட்டுல அம்மா ஏசமாட்டாங்களா?" என்றார்.

என் மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. ஆனாலும், "ஏசுவாங்க" என்றுதான் சொன்னேன்.

மருதையின் வீட்டு வாசலில் நிரோஷா முதலில் பலகையைத்தான் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சுகம் விசாரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பெரியப்பா, நீங்க எத்தனை கிலோ?"

"எண்பத்துநாலு."

"அப்பா! எண்பத்துநாலாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். உள்ளேயிருந்து, "நல்லதாப் போச்சு!" என்று மருதையின் குரல் வந்தது. என் எடையைக் கேட்டு டாக்டர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். மகிழ்ந்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பலாக்காய்க் கறி, பருப்பு, தேங்காய்ச் சம்பல். விருந்தாளி என்பதால் எனக்கு மட்டும் தனியாக ஒரு முட்டைப் பொரியல். மருதையின் மனைவி பாக்கியம் நான் எப்போது வந்தாலும் இப்படித்தான் கவனிப்பாள். முட்டையில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இந்தத் தீவுக்காரர்களுக்கே உப்புக் கை என்று பல வருடங்களாக நான் திருச்சியில் சொல்லிவருகிறேன்.

எடையின் விஷயத்தை மறுநாள் நீர்த்தேக்கத்தில் தெரிந்துகொண்டேன். மற்றப் படகுகள் தண்ணீரைக் கலைக்காமல் போகப் பார்க்கும். இந்தப் படகு எவ்வளவு கலைக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்காகப் பின்பக்கத்து இடது மூலையில் தண்ணீர் நிரப்பிய பைகளை அடுக்கிப் படகை வேண்டுமென்றே சாய்க்கிறார்கள். சாய்ந்த படகு மெதுவாகப் போகும்போது பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஓர் அலை எழுந்து கூடவே வருகிறது. கயிற்றைப் பிடித்து எழுந்து நிற்பவர், அலை தன்னைத் தள்ளத் தொடங்கியதும் கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டு வெறுங்கையோடு வரலாம். தண்ணீரைத் தள்ளும் சுழலி படகுக்கு அடியில் உள்ளே தள்ளி இருப்பதால் அவ்வளவு பக்கத்தில் வந்தாலும் ஆபத்தில்லை. பைகளில் ஒன்று போன வாரம் கிழிந்துவிட்டதாம். அந்தப் பைக்குப் பதில் நான்.

படகு நஸீருடையது. மாத்தளையில் மசாலா வியாபாரம் செய்பவர், ஐம்பது வயதிருக்கும். தெற்குக் கடற்கரையில் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து படகைப் பழையதாக வாங்கினார். சீகிரியா பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் இங்கேயும் வருவார்கள் என்பது திட்டம். எப்போதாவது வருகிறார்கள். மற்ற நாட்களில் இவர்களே விளையாடுகிறார்கள்.

"வாங்கண்ணே, வாங்க! ஒங்கட எடைய நிரோஷா சொன்னா. மாஷா அல்லாஹ்!" என்று நஸீர் என்னை மூலையில் உட்கார வைத்தார்.

படகை ஓட்டுவது மருதை. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முப்பது வருடம் லாரி ஓட்டிய அவன் கால் அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. எஞ்சின் சாவியோடு ஒரு கயிற்றில் பித்தளை அடைப்பானும் அவன் கழுத்தில் தொங்குகிறது. படகைக் கரையேற்றியதும் உள்ளே தேங்கிய நீரை வடிக்கப் பின்மூலையில் ஒரு துளை உண்டு. அதற்கான அடைப்பான். தண்ணீரில் இறக்குமுன் அதை அவன்தான் மாட்டுவான், வேறு யாரும் தொடக்கூடாது.

படகு இடப்பக்கம் சாய்ந்துகொண்டு கிளம்பியதும் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், படகு மூழ்குகிறது என்று சிங்களத்தில் கூவினார்.

"மருதண்ணேக்கு அது புதுசா?" என்றார் நஸீர். "சின்ன வயசுலயே படகை முழுக வெச்சவராச்சே!"

மருதை முன்னால் பார்த்தபடி சிரித்தான். நிரோஷாவும் சிரித்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். இரண்டாவது காரணத்தை இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. நாங்கள் பிறந்த தோட்டத்தில் ஒரு சிறிய குளம் இருந்தது. அதில் தொரைக்கு ஒரு துடுப்புப் படகு. தோட்ட நிர்வாகியைத் தொரை என்பதுதான் எங்கள் வழக்கம். பதினொரு வயது மருதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படகைத் திருட்டுத்தனமாக எடுத்து மூழ்கடித்துவிட்டான். அந்தப் பயல் இனி தோட்டத்தில் தன் கண்ணில் படக்கூடாது என்றார் தொரை. அப்பா அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, மாத்தளை நகரில் நஸீரின் வாப்பா வைத்திருந்த மசாலாக் கடையில் வேலைக்கு விட்டார். இந்தக் கதையை நான் மூன்று கல்யாணங்களில் சொல்லியிருக்கிறேன். கடைசியாக என் மகன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். அன்றைக்குப் படகை முழுக வைத்தவன் இன்றைக்குப் படகு ஓட்டுகிறான் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். முன்வரிசையில் மருதையும் தட்டினான்.

படகை எடுத்தவன் நான். எனக்கு அப்போது பதினாலு வயது. அந்தப் படகிலும் ஓர் அடைப்பான் இருந்தது, மரத்தில் செய்தது. நடுக்குளத்தில் அதைக் கழற்றினால் தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே வரும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். பார்த்தேன். மருதை கரையில் என் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் தத்தளித்துக் கரைக்கு வந்தபோது கைகொடுக்க இறங்கினான். அதனால் இரண்டு பேருமே நனைந்திருந்தோம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஓடிவந்து யார் என்று கேட்டார். நான் தம்பியைக் காட்டினேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அறை விழுந்துவிட்டது. அடுத்த வருடம் நான் மாமாவோடு இந்தியாவுக்குப் போனேன். படித்து ஒரு கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் இரண்டு பேரில் கணக்கு அவனுக்குத்தான் நன்றாக வரும்.

இதை அவன் வீட்டார் முன்னால் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். பலகையைச் சுமப்பது எவ்வளவோ சுலபமாக இருந்தது.

நஸீரின் படகில் மூன்று பலகைகள். மிகப் பெரியது கதவு. ஆறடிக்கு மேல் நீளம், ஒரு வீட்டுக் கதவைப் போலவே கனம். புதிதாக வருபவர் அதில்தான் ஏற வேண்டும். அடுத்தது ஐந்தடி அயன் மேசை. இந்த இரண்டு பெயரும் பழையவை. நான் கொண்டுபோன நாலரை அடிப் பலகைக்கு நிரோஷா அங்கேயே சொளகு என்று பெயர் வைத்தாள். அரிசி புடைக்கும் சொளகு மாதிரி முன்பக்கம் அகன்றிருந்தது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் மேலே இருப்பதைக் கொட்டிவிடும் குணமும் அதற்கு இருந்தது.

அவள் அன்று பதினான்கு முறை கொட்டப்பட்டாள். ஒவ்வொரு முறையும் தலை தண்ணீருக்கு மேல் வந்ததும் ஏதோ கத்தினாள். "பின்கால்ல நின்னுட்டேன்!" "கயித்த இழுத்துட்டேன்!" "ஒங்களப் பாத்துட்டேன் பெரியப்பா, கீழ பாத்துட்டேன்!"

"எதுக்கு இப்படிக் கத்துகிறாள்?" என்று கேட்டேன்.

"அதுதான் இங்க சட்டம்" என்றார் நஸீர். "விழுந்தவங்க தலைய வெளிய எடுத்ததும் மொத வார்த்தையா தன்ட பிழையச் சொல்லணும். படகு மேலயோ காத்து மேலயோ பழி போட்டா, ஒரு பலகை பெருசுக்குத் திரும்பிப் போகணும். மூணு வாட்டி சரியாச் சொன்னா சின்னதக் கேக்கலாம்."

"யார் போட்ட சட்டம்?"

"மருதண்ணேதான்."

மருதை கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னான்: "யாரு விழுந்தாலும் ஓட்டுறவன் மேலதான் பழியப் போடுறாங்க, அண்ணே. மொத மாசத்துலயே சலிச்சுப் போச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னான். என் எண்பத்துநாலு கிலோவும் ஒரு நிமிடம் ஆடிப்போனது.

பகலில் கரையில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அப்போது நிரோஷாவிடம் கேட்டேன்: "அயன் மேசையில் நன்றாகத்தானே போகிறாய்? எதற்காக அதைவிடச் சின்னது?"

"கதவுல கால எங்க வெச்சாலும் அது பொறுத்துக்கும் பெரியப்பா. நாம தப்புப் பண்றதே நமக்குத் தெரியாது. அயன் மேசை பாதி பொறுத்துக்கும். சொளகு ஒரு விரல் தள்ளி நின்னாக்கூடக் காட்டிக்குடுத்துரும். ஆனா திருப்புனா திரும்பும், நிறுத்துனா நிக்கும். கதவுல மூணு மாசம் சும்மா சவாரிதான் போனேன்."

"அப்போ ஏன் விழுந்துகொண்டே இருக்கிறாய்?"

"பாதி என் தப்பு. மீதி, சொளகு ரொம்ப மெதக்காது. தள்ளுறதுக்கு அலை இன்னும் பெருசா இருக்கணும். படகு இன்னும் சாயணும். நீங்க மூலையில அசையாம இருந்தா சரியா வரும். நீங்க கொக்கப் பாக்க எந்திரிக்கிறப்பல்லாம் எனக்கு அலை போயிருது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. பழி போட்டதா அயன் மேசைக்கு அனுப்பிருவாரு."

மூன்றாம் நாள் நான் கதவில் ஏறினேன். சுங்க அதிகாரியின் முகம்தான் ஏற்றியது என்று சொல்ல வேண்டும். உயிர்காப்பு மேலங்கியின் பட்டை என் வயிற்றைச் சுற்றி வராமல், நஸீர் லாரியில் மூட்டை கட்டும் முடிச்சொன்று போட்டார். தண்ணீரில் மல்லாந்து கிடந்து, குதிகாலைப் பலகை விளிம்பில் வைத்து, கயிற்றின் கைப்பிடியை மார்போடு பிடித்துக்கொள்ள வேண்டும். படகு இழுக்கும்போது பலகை தானே எழுந்து பாதத்தில் ஒட்டும். அப்புறம் மெதுவாக நிற்க வேண்டும். முப்பது வருடம் மிதப்புவிசையைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். மிதப்புவிசை அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒன்பது முறை விழுந்தேன். ஒன்பதாவது முறை மூக்கில் தண்ணீர் ஏறிய எரிச்சலில், "படகு வெட்டி இழுக்குது!" என்று கத்திவிட்டேன்.

படகில் ஆனந்தக் கூச்சல். "பழி! பழி! ஒரு பலகை மேல!" என்று நஸீர் குதித்தார்.

"கதவுக்கு மேல ஏது பலகை?" என்றாள் நிரோஷா.

"படகுதான்" என்றான் மருதை. "ஏத்துங்க அவர."

மிச்ச நாள் முழுக்க மூலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தேன். உடம்பு முழுக்க வலித்தது. அவ்வளவு சிரித்தும் வெகு காலமாகியிருந்தது.

நாலாம் நாள் காற்று பலமாக இருந்ததால் படகை இறக்கவில்லை. நாலந்தாவில் கெடிகேயைப் பார்க்கப் போனோம். சின்னஞ்சிறு கற்கோயில், நம் பக்கத்துப் பல்லவர் கோயிலின் தம்பி மாதிரி இருக்கிறது. பிறகு ரோட்டோரக் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ. ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பாலில்லாத டீயைத் திருச்சியில் நோயாளிக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே அதைக் குடித்த பிறகு பால் டீ எதற்கு என்று தோன்றுகிறது.

கடைக்காரர் மருதையிடம், நீங்கள்தானே சாய்ந்த படகு ஓட்டுகிறவர் என்று கேட்டார். உடனே நஸீர் பழைய கதையைச் சொல்லச் சொன்னார். மருதை சிங்களத்தில் சொன்னான். என்னைவிட நன்றாகச் சொன்னான். தொரை தொப்பியைக் குளத்தில் போட்டதையும் கணக்கப்பிள்ளையின் வேட்டி அவிழ்ந்ததையும் நடித்தே காட்டினான். "நான்தான் முழுக வைத்தேன்" என்று சொன்ன இடத்தில் அவன் பார்வை தன் டீ டம்ளரில் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரையில் எதை எழுதாமல் விட்டாலும் அதை எழுதாமல் விடக்கூடாது. அன்றைக்கும் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கதவில் நின்றுவிட்டேன். பத்து எண்ணும் வரை நின்றதாக நஸீர் சொல்கிறார். எனக்கு அது முழுப் பாடவேளை. முழங்காலுக்குக் கீழே குளம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் அலை ஒரு பெரிய நாயைப் போலக் கூடவே வந்தது. பிறகு மூக்கு வழியாகத் தண்ணீர்.

"முழங்காலை விறைச்சிட்டேன்!" என்று கத்தினேன். அன்றைக்கு மூன்றாவது முறையாகச் சரியாகச் சொல்லியிருந்தேன். மருதை படகைத் திருப்பிக் கொண்டுவந்து எஞ்சினை நிறுத்தினான். பின்தட்டைப் பிடித்துத் தொங்கினேன். மூவரும் குனிந்து என்னைப் பார்த்தார்கள்.

"மூணாச்சு! அண்ணே இனி அயன் மேசை கேக்கலாம்" என்றார் நஸீர்.

"இன்னொரு தப்பு இருக்கு" என்றேன்.

"அதான் சொல்லிட்டீங்களே பெரியப்பா, முழங்காலு" என்றாள் நிரோஷா.

"தொரையோட படகுல அடைப்பானைக் கழட்டினது நான். உங்கப்பா கரையில இருந்தான். கணக்கப்பிள்ளை கேட்டப்போ நான் பொய் சொன்னேன். அதுக்கப்புறம் எல்லாக் கல்யாணத்துலயும் அதே பொய்யைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன்."

நஸீர் வாய்க்குள் "யா அல்லாஹ்" என்றார். நிரோஷா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா?"

மருதை கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "மரத்து அடைப்பான்" என்றான். "செவப்புத் துணி சுத்தியிருந்துச்சு."

அந்தச் சிவப்புத் துணியை நான் மறந்திருந்தேன். அவன் சொன்ன பிறகுதான் கையில் அதன் ஈரம் தெரிந்தது.

"அப்போ நீங்க படிச்சிருக்கலாம்" என்றாள் நிரோஷா.

நஸீர்தான் பேச்சை எடுத்தார். "சரி, அண்ணே ஒத்துக்கிட்டாரு. சட்டப்படி ஒரு பலகை கீழ எறங்கலாம். என்ன மருதண்ணே?"

மருதை விரலில் சுற்றிய கயிற்றை அவிழ்த்தான். நான் தட்டைப் பிடித்தபடியே தொங்கினேன்.

"சட்டம் போட்டவனுக்குச் சட்டம் தெரியாதா?" என்றான் மருதை. "தலைய வெளிய எடுத்ததும் சொல்லணும். எங்கண்ணே தலைய வெளிய எடுக்க அம்பத்தாறு வருஷம் ஆயிருக்கு. கதவுலயே இருக்கட்டும்."

நஸீர் சிரித்துவிட்டார். அதன்பின் மருதையும் சிரித்தான். கையை நீட்டி என்னை மேலே இழுத்தான். நிரோஷா மட்டும் சிரிக்கவில்லை. வீடு போய்ச் சேரும் வரை நஸீரின் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் பாக்கியம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொல்ல வேண்டும் என்று எதிரில் போய் உட்கார்ந்தேன். நான் தொடங்குவதற்குள், "எனக்குத் தெரியும் மாமா" என்றாள். தம்பி மனைவி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "கல்யாணமான வருஷமே அவரு சொல்லிட்டாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. சொல்லல."

"தெரிந்துமா இத்தனை வருஷம் எனக்குத் தனியாக முட்டை பொரித்துப் போட்டாய்?"

"வந்தவங்களுக்குப் போடாம இருக்க முடியுமா?" துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள். "ஆனா ஒங்க முட்டையில மட்டும் உப்ப ஒரு சிட்டிகை கூடத்தான் போடுவேன். நீங்க ஒண்ணும் சொல்லாமச் சாப்புட்டுப் போவீங்க. அதுல எனக்கு ஒரு சந்தோசம்."

ஒரு தீவின் சமையலையே பல வருடங்களாகப் பழித்துவந்தவன் நான். அதற்கும் சேர்த்து அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். பாக்கியம் துருவலைத் தட்டில் தட்டிவிட்டு, "சரி, எந்திரிங்க. ஈரத்தோட ஒக்காராதீங்க" என்றாள்.

நிரோஷா அன்று அறையிலிருந்து வெளியே வரவில்லை. அறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். நான் எடுத்தது அவளுடைய அப்பாவின் பள்ளிக்கூடத்தை மட்டுமில்லை. அப்பாவைப் பற்றி அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு வேடிக்கைக் கதையையும் அன்று எடுத்துவிட்டேன். அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. தட்டாமல் திரும்பிவிட்டேன்.

ஆறாம் நாள் எனக்குக் கடைசி நாள். காலையில் ரொட்டியும் மிளகாய் அரைத்த கொச்சிக்காய்ச் சம்பலும். எனக்குத் தனியாக முட்டை. உப்பு சரியாக இருந்தது. திருச்சி முட்டை மாதிரியே இருந்தது. பாக்கியம் அடுப்படி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நிரோஷா வேனில் கூடவே வந்தாள். நீர்த்தேக்கத்தில் காற்றே இல்லை. படகு இன்னும் கரையில் இருந்தது. மருதை கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, பித்தளை அடைப்பானைப் பிரித்து என்னிடம் எறிந்தான். தவறவிடப் பார்த்துப் பிடித்தேன்.

"நீயே மாட்டு" என்றான். "கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டவும் தெரியணும்ல."

பின்மூலையில் தரைப்பலகையைத் தூக்கி, துளையில் அதை வைத்துத் திருகினேன். திருகுமறை இரண்டு தடவை ஏறவில்லை. மருதை சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான். உதவவில்லை. மூன்றாவது தடவை ஏறியது. படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். நான் குனிந்தபடியே காத்திருந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை.

"பெரியப்பா."

நிரோஷா சொளகை இடுக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். முந்தைய நாள் காலைக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை.

"எத்தனை கிலோ?"

"எண்பத்துநாலு."

"எடது மூலை. அசையக் கூடாது. கொக்கு, மயிலு, யானை, எது வந்தாலும் எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்கமாட்டேன்."

மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். அவளுக்கு எடை தேவைப்பட்டது, என்னிடம் இருந்தது. மூலையில் அழுத்தி உட்கார்ந்தேன். படகு என் பக்கமாகச் சாய்ந்தது. மருதை வேகத்தைப் பதினெட்டில் நிறுத்தினான். பின்னால் அலை எழுந்தது, முந்தைய நாட்களைவிட ஒரு சாண் உயரமாக. சொளகு அதன் தோளில் ஏறி ஆடியது. நிரோஷா பின்காலைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு கயிற்றை வீசினாள். அது என் மடியில் வந்து விழுந்தது.

கொக்கு ஒன்று தலைக்கு மேலே போன சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் எதுவுமில்லாமல் அவள் படகுக்குப் பத்தடி பின்னால் வந்தாள். அலையின் உச்சிக்கு ஏறினாள், வழுக்கி இறங்கினாள், மறுபடி ஏறினாள். நஸீர் எண்ணத் தொடங்கி நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டுக் கூவ ஆரம்பித்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்த்து என்று நான் ஆராயவில்லை.

"அண்ணே" என்றான் மருதை, திரும்பாமல். "அடைப்பான்?"

"இறுக்கமா இருக்கு."

"தொட்டுப் பாத்தியா?"

"மூணு வாட்டி."

"இன்னொரு வாட்டி பாரு" என்றான்.